நான்கு வருடம் பெட்டியில் போன முயல் இப்போது கட்டிலில் போகிறது

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

வீட்டில் ஒரு பெண் முயல். பஞ்சு என்று வைத்துக்கொள்வோம். ஊரடங்கு சமயத்தில், வெளியே போக முடியாமல் சோர்ந்து கிடந்த மகளுக்காக வாங்கியது. இப்போது அதற்கு ஏறக்குறைய ஐந்து வயது. ஆண் முயலே வீட்டில் இல்லாதபோது எதற்கு என்று கருத்தடை ஆபரேஷன் செய்யவில்லை. குட்டியாக இருந்தபோதே லிட்டர் பெட்டியில், அதாவது மலஜலம் கழிக்க வைக்கும் ட்ரேயில், போகப் பழகிவிட்டது. நான்கு வருடமாக வீடு முழுக்கத் திரிந்தாலும் ஒரு சொட்டு மூத்திரம் வெளியே விழுந்ததில்லை. எப்போதாவது ஒன்றிரண்டு புழுக்கை உருளும், அவ்வளவுதான்.

கடந்த ஆறு வாரமாக எல்லாம் தலைகீழ். முதலில் பெட்டியை ஒட்டித் தரையில் போனது. பிறகு சோபா. இப்போது மாமியார் படுக்கும் கட்டில். இதற்கு முன்பே வீட்டில் பல மாற்றங்கள் நடந்திருக்கின்றன. தரைத்தள வீட்டிலிருந்து இரண்டாம் மாடி வாடகை வீட்டுக்கு வந்தார்கள். ஊரிலிருந்து மாமியார் வந்து உடன் தங்குகிறார். மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டாள், முன்போல் பஞ்சுவோடு உட்கார நேரமில்லை. பழைய ட்ரே உடைந்துபோனதால் பூனைக்கான உயரமான பெட்டியும், ஈரம் பட்டால் கட்டியாகும் பூனை மணலும் வாங்கினார்கள். மாமியார் தினமும் அந்தப் பெட்டியைப் பினாயில் ஊற்றிக் கழுவுகிறார். அவருக்குப் பஞ்சு மேல் பாசமும் உண்டு. தினமும் ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கித் தன் கையாலேயே ஊட்டுகிறார்.

“வேண்டுமென்றே செய்கிறது டாக்டர். அத்தை கட்டிலில் ஏறி, எங்களைப் பார்த்துக்கொண்டே போகிறது” என்று எழுதியிருக்கிறார் வாசகி. நிறையப் போகிறது, காய்ந்த பிறகு சுண்ணாம்பு போல வெள்ளையாகப் படிகிறது, இரண்டு முறை சிவப்பாக இருந்தது, பீட்ரூட் தோல் தின்றதாலோ என்னவோ என்றும் குறிப்பிடுகிறார். இரவில் கட்டில் நனையாமலிருக்கக் கணவர் சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுகிறார். நீர்க்கடுப்பாக இருக்கலாம் என்று மெடிக்கலில் குழந்தைகளுக்கான அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சிரப் வாங்கி வைத்திருக்கிறார், இன்னும் கொடுக்கவில்லை. வீட்டு உரிமையாளர் நாற்றம் என்கிறார். கொழுந்தன், பச்சமலையில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார். தான் நேரம் ஒதுக்காததால்தான் பஞ்சு கோபித்துக்கொண்டது என்று மகள் அழுகிறாள். கூண்டில் அடைத்துத் திருத்துவதா, விட்டுவிடுவதா என்பதுதான் கேள்வி.

அன்புள்ள சகோதரி,

இவ்வளவு கவனமாக எழுதியதற்கு முதலில் நன்றி. “முயல் அசிங்கம் பண்ணுகிறது” என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் என்னால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. காய்ந்தபின் வெள்ளையாகப் படிகிறது என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில்தான் பாதி விடை இருக்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன் காத்திருக்கக்கூடாத இரண்டு விஷயங்கள்.

இன்றிரவே செய்ய வேண்டியது

தண்ணீர்க் கிண்ணத்தைத் திரும்ப வையுங்கள். இரவும் பகலும் அது நிறைந்திருக்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 100 மில்லி தண்ணீர் ஒரு முயலுக்குத் தேவை. திருச்சி வெயிலில் இன்னும் கூடும். முயல்கள் அதிகாலையிலும் அந்தி சாய்ந்த பிறகும்தான் சுறுசுறுப்பாகத் தின்று குடிக்கும். ஆக, உங்கள் கணவர் கிண்ணத்தை எடுப்பது சரியாக அது குடிக்கிற நேரத்தில். தண்ணீர் குறைந்தால் மூத்திரம் கெட்டியாகும், உள்ளே படிவு சேரும், வலி கூடும். குடலும் வறண்டு மெதுவாகும். கட்டிலைக் காப்பாற்ற அவர் செய்தது புரிகிறது, ஆனால் நோயை வளர்க்கிற காரியம் அது. கிண்ணம் அகலமாகவும் கனமாகவும் இருக்கட்டும். சொட்டுச் சொட்டாக வரும் பாட்டிலைவிடக் கிண்ணத்தில்தான் முயல்கள் அதிகம் குடிக்கின்றன.

இரண்டாவது, அந்த அமாக்ஸிசிலின் சிரப். அதை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. குழந்தைக்கு நல்ல மருந்து, முயலுக்கு அது உயிரைப் பறிக்கும். முயல் புல்லைச் செரிப்பது அதன் பெருங்குடல்வாயில் வாழும் நுண்ணுயிர்களால். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவை வாய்வழி போனால் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சு உண்டாக்கும் கிருமிகள் பெருகிவிடும். சில நாட்களுக்குள் கடுமையான வயிற்றுப்போக்கில் முயல் இறந்துபோகலாம். கொடுக்காமல் வைத்திருந்து என்னைக் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். நமக்கு வாங்கிவைத்த வலி மாத்திரைகளும் வேண்டாம்.

கோபம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்

“பார்த்துக்கொண்டே போகிறது” என்கிறீர்கள். முயலின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பவை. சுற்றிலும் ஏறக்குறைய முழு வட்டத்தையும் அது பார்க்கும். நீங்கள் அறையில் எங்கே நின்றாலும் அது உங்களைப் பார்ப்பதாகத்தான் தெரியும். வேட்டையாடப்படும் பிராணி என்பதால் மூத்திரம் போகும்போது அசையாமல், எச்சரிக்கையாக இருக்கும். அந்த அசையாத பார்வை நமக்கு முறைப்பாகப் படுகிறது.

முயலுக்கு இடம் பற்றிய உணர்வு உண்டு, அது உண்மை. புது வீடு, புது ஆள், புது வாசனை வந்தால் இது என் இடம் என்று அடையாளம் வைக்கும். ஆனால் அப்படி வைக்கிற முயல் பெரும்பாலும் உலர்ந்த புழுக்கைகளை அங்கங்கே தூவும், மூத்திரமும் கொஞ்சமாகத் தெறித்திருக்கும், பல நேரம் சுவர், சோபாக்கால் போன்ற செங்குத்தான இடங்களில். பஞ்சு அப்படிச் செய்யவில்லை. மெத்தையில் நிறையப் போகிறது. புழுக்கை இன்னும் பெரும்பாலும் பெட்டியில்தான் விழுகிறது என்பதையும் கடிதத்தின் பின்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். புழுக்கை பெட்டியில், மூத்திரம் மட்டும் வெளியில் என்றால் என் சந்தேகம் முதலில் சிறுநீர்ப்பையின் மேல்தான் போகும்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே இதில் தவறியிருக்கிறேன். வீட்டில் கைக்குழந்தை வந்ததும் ஒரு ஆண் முயல் தொட்டிலுக்குக் கீழே போக ஆரம்பித்தது. பொறாமை என்றார்கள். நானும் தலையாட்டி, பெட்டியை இடம் மாற்றச் சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அது தின்பதை நிறுத்தியபின் எக்ஸ்ரே எடுத்தோம். சிறுநீர்ப்பை முழுக்க வெள்ளையாகத் தெரிந்தது. அது பிழைத்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு வாரமும் அது வலியோடு இருந்தது என்பதை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து, நன்றாகப் பழகிய முயல் பெட்டியை விட்டால், குணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் உடம்பைப் பார்த்துவிடுவேன்.

உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். பஞ்சு அவள் மேல் கோபப்படவில்லை. முயல் வலியை மறைக்கிற பிராணி. காட்டில் நொண்டுகிற முயல்தான் முதலில் இரையாகும், அதனால் சத்தமும் போடாது, முனகவும் முனகாது. இந்த நனைந்த கட்டில்தான் அது வெளியே காட்டிய ஒரே அறிகுறி.

அகத்திக்கீரையும் அந்த வெள்ளைப் படிவும்

நாம் சாப்பிடும் கால்சியத்தில் உடம்புக்கு வேண்டியதைத்தான் குடல் எடுத்துக்கொள்ளும். நாய், பூனைக்கும் அப்படியே. முயலின் உடம்பு வேறு மாதிரி. தீனியில் எவ்வளவு கால்சியம் வந்தாலும் குடல் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே தள்ளும். மற்றப் பாலூட்டிகளில் உண்ட கால்சியத்தில் 2 விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் மூத்திரத்தில் போகிறது. முயலில் 45 முதல் 60 விழுக்காடுவரை போகிறது. அதனால்தான் நல்ல முயலின் மூத்திரம்கூடக் கொஞ்சம் கலங்கலாக இருக்கும், காய்ந்தால் இலேசாகப் பொடி தெரியும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் சுண்ணாம்பு அடித்ததுபோலக் கெட்டியாகப் படிகிறது, தொட்டால் நறநறவென்று இருக்கிறது என்றால், சிறுநீர்ப்பைக்குள் கால்சியப் படிவு சேறுபோல் தங்கிவிட்டது என்று அர்த்தம். சில முயல்களில் அது கல்லாகவும் இறுகிவிடும். உள்ளே உறுத்திக்கொண்டே இருப்பதால் அவசரமாக வரும், பெட்டிவரை அடக்கிப் போக முடியாது. போகும்போது எரியும். பெட்டிக்குள் நிற்கும்போதெல்லாம் எரிந்தால், வலிக்குக் காரணம் பெட்டி என்று முயல் நினைத்துக்கொள்ளும். மெத்தென்ற வேறு இடத்தைத் தேடும்.

இப்போது அகத்தி. நம் கீரைகளிலேயே கால்சியம் மிக அதிகமுள்ளவற்றில் ஒன்று அது. 100 கிராமில் ஏறத்தாழ ஒரு கிராம் கால்சியம். முருங்கைக்கீரையும் குதிரைமசால் என்ற தீவனப்பயிரும் அடுத்த வரிசை. கடைகளில் விற்கும் முயல் பெல்லட்டுகள் (குச்சித் தீவனம்) பலவும் குதிரைமசாலை வைத்துச் செய்தவை. பஞ்சு தினமும் ஒரு கட்டு அகத்தி, அதற்கு மேல் ஒரு கிண்ணம் பெல்லட், சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீர் இல்லை. மாடி வீட்டில் ஓடியாட முன்பிருந்த இடமும் இல்லை. ஓடாத முயலின் சிறுநீர்ப்பையில் படிவு கலங்காமல் அடியில் தங்கும். எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டது.

அத்தையைக் குறை சொல்லிவிடாதீர்கள். அமாவாசைக்கு மாட்டுக்கு அகத்தி கொடுத்து வளர்ந்த தலைமுறை. வாயில்லா ஜீவனுக்கு ஊட்டுவதில் அவருக்கு ஒரு நிறைவு இருக்கிறது, அதை நிறுத்த வேண்டாம், கையிலுள்ள தழையை மட்டும் மாற்றினால் போதும். பிள்ளையாருக்கு வாங்குகிற அருகம்புல்லை நன்றாக அலசிக் கொடுக்கச் சொல்லுங்கள். கொத்தமல்லி, புதினாவும் ஒரு பிடி கொடுக்கலாம். இலைகளை ஈரத்தோடு கொடுத்தால் தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகும். ஆனால் முயலின் வயிறு நிறைய வேண்டியது புல்லாலும் காய்ந்த புல்லாலும்தான், நாள் முழுக்க. வெளிநாட்டு டிமோத்தி புல் விலை அதிகம் என்றால் கொழுக்கட்டைப் புல், கம்பு நேப்பியர் போன்றவற்றைப் பண்ணைக்காரர்களிடம் வாங்கி நிழலில் உலர்த்திக்கொள்ளலாம். பெல்லட்டை ஒரே நாளில் நிறுத்தாமல், ஒன்றிரண்டு வாரத்தில் இரண்டு மேசைக்கரண்டி அளவுக்குக் குறையுங்கள். கால்சியத்தை அறவே ஒதுக்கிவிடவும் கூடாது. முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளர்வது, அதற்குக் கால்சியம் வேண்டும்.

அந்தச் சிவப்பு நிறம்

இதுதான் என்னை உட்கார்ந்து உடனே பதில் எழுத வைத்தது.

முயலின் மூத்திரம் மஞ்சளிலிருந்து ஆரஞ்சு, செங்கல் நிறம்வரை இயல்பாகவே மாறும். தழைகளிலுள்ள நிறமிகளும் உடம்பில் உண்டாகும் நிறமிகளும் காரணம். பீட்ரூட் தின்றாலும் சிவக்கலாம். அப்படியானால் மூத்திரம் முழுவதும் ஒரே சீரான நிறத்தில் இருக்கும், ஓரிரு நாளில் தானே மாறிவிடும். இரத்தம் என்றால் பெரும்பாலும் சீராக இருக்காது. மஞ்சள் நீருக்கு நடுவே சிவப்புத் திட்டுகள், கட்டிகள், அல்லது போய் முடிக்கும்போது கடைசியில் மட்டும் சொட்டுகள். கண்ணால் பார்த்து நூறு விழுக்காடு சொல்ல முடியாது. ஒரு சாதாரண மூத்திரப் பரிசோதனைப் பட்டை சில நிமிடங்களில் சொல்லிவிடும்.

இரத்தம்தான் என்றால், அது சிறுநீர்ப்பையிலிருந்து வரலாம், கருப்பையிலிருந்தும் வரலாம். பெண் முயலில் இரண்டும் வெளியே வரும் வழி ஒன்றே. ஆண் முயல் இல்லையே, ஆபரேஷன் எதற்கு என்று நினைத்தீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், உங்களுக்கு விற்ற கடையிலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பெண் முயலுக்குக் கருப்பையை எடுப்பது குட்டியைத் தடுக்க மட்டும் இல்லை. எடுக்காத பெண் முயல்களில் மூன்று, நான்கு வயதுக்கு மேல் கருப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாக வருகிறது. சில இனங்களில், நான்கு வயதைத் தாண்டியவற்றில் 60 விழுக்காடுவரை பதிவாகியிருக்கிறது. மெதுவாக வளரும், பிறகு நுரையீரலுக்குப் பரவும். முதல் அறிகுறி பல நேரங்களில் இப்படி விட்டுவிட்டு வரும் சிவப்புதான். பஞ்சுவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஐந்து வயது, ஆபரேஷன் இல்லை, இரண்டு முறை சிவப்பு என்றால், ஸ்கேன் பார்க்காமல் பீட்ரூட் மேல் பழியைப் போடக்கூடாது என்று சொல்கிறேன்.

கருப்பையில் கட்டி இருந்து, அது இன்னும் பரவாமல் இருந்தால், கருப்பையை எடுப்பதே சிகிச்சை. ஆபரேஷனுக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். மயக்க மருந்தில் நாய், பூனையைவிட முயலுக்கு ஆபத்து அதிகம். 2008ல் வெளியான பிரிட்டனின் பெரிய ஆய்வொன்றில், மயக்க மருந்து தொடர்பான இறப்பு நாய்களில் 0.17 விழுக்காடு, பூனைகளில் 0.24, முயல்களில் 1.39. நோயில்லாத முயல்களில் மட்டும் பார்த்தால் 0.73. முயலுக்குப் பழகிய கை, முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை, ஆபரேஷன் முடிந்ததும் சூடும் வலிமருந்தும் தீனியும் கிடைத்தால் ஆபத்து குறையும். கட்டி இருப்பது உறுதியானால், ஆபரேஷன் செய்யாமல் விடுவதன் ஆபத்து இதைவிடப் பல மடங்கு. ஸ்கேனில் ஒன்றுமே இல்லை, முயல் நன்றாக இருக்கிறது என்றால் அவசரமில்லை. யோசித்து, நல்ல மருத்துவராகப் பார்த்துச் செய்யலாம். என் மகளின் முயலாக இருந்தால் நான் செய்துவிடுவேன்.

பெட்டி, தரை, கால்

உடம்பைப் பார்க்கும் அதே வாரத்தில் பெட்டியையும் சரிசெய்துவிடலாம். அந்தப் பூனை மணலை இன்றே எடுத்துவிடுங்கள். முயல் பெட்டியில் உட்கார்ந்துகொண்டே எதையாவது மென்றுகொண்டிருக்கும். ஈரத்தில் இறுகும் மணல் குடலுக்குள் போனால் அங்கேயும் இறுகும். அதற்குப் பதில் அடியில் செய்தித்தாள், மேலே காய்ந்த புல் அல்லது வைக்கோல் போதும்.

பூனைப் பெட்டியின் உயரம் அடுத்தது. ஐந்து வயது முயலுக்கு மூட்டுத் தேய்மானம், முதுகெலும்பு வலி வருவது சகஜம். வழுக்கும் டைல்ஸ் தரையில் பின்னங்கால்கள் விரிந்து விரிந்து அது இன்னும் மோசமாகும். பழைய வீட்டில் சிமெண்ட் தரை என்று எழுதியிருக்கிறீர்கள், இப்போது பளபளவென்று டைல்ஸ். முதலில் பெட்டியை ஒட்டிப் போனது என்பதும் இதோடு பொருந்துகிறது, போக நினைத்திருக்கிறது, ஏற முடியவில்லை. முன்பக்கத்தை இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு வெட்டி, முனையை மழுக்கிவிடுங்கள். நடக்கும் வழியில் பழைய சணல் சாக்கு, கால்மிதி ஏதாவது போடுங்கள். பின்னங்கால்களின் அடியைத் திருப்பிப் பாருங்கள். முடி உதிர்ந்து சிவந்து புண்ணாகியிருந்தால் அதையும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பினாயில் வேண்டாம். அந்த நெடி முயலின் மூக்கைத் துளைக்கும். அதைவிட முக்கியம், முயல் தன் வாசனையை வைத்துத்தான் இது நம் இடம் என்று கண்டுபிடிக்கிறது. தினமும் அதைத் துடைத்தெடுத்துவிட்டால் பெட்டி அதற்கு யாரோ ஒருவருடையதாகிவிடுகிறது. நனைந்ததை மட்டும் அள்ளிவிட்டு, ஒரு பிடி பழைய புல்லை அப்படியே விட்டுவையுங்கள். வாரம் ஒருமுறை வெள்ளை வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து கழுவினால் சுண்ணாம்புப் படிவும் கரையும். கட்டில், சோபாவுக்கும் இதே கலவைதான், அங்கே மட்டும் வாசனை சுத்தமாகப் போகும்வரை துடையுங்கள். வீட்டு உரிமையாளரின் புகாரும் இதிலேயே பெருமளவு தீரும்.

கூண்டில் அடைத்துத் திருத்தலாமா என்று கேட்டீர்கள். தண்டனையாக வேண்டாம், அதற்கு எதுவும் புரியாது, பயம்தான் மிஞ்சும். ஆனால் கொஞ்ச நாள் சின்ன இடத்தில் வைப்பது நல்ல வழி. ஹாலின் ஒரு மூலையைத் தடுப்பு வைத்துப் பிரித்து, அதில் இரண்டு பெட்டி, தண்ணீர், உட்கார இடம் கொடுங்கள். காய்ந்த புல்லைப் பெட்டியின் ஓரத்திலேயே, உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் வையுங்கள். தின்றுகொண்டே போவதுதான் முயலின் பழக்கம். வெளியே போய்விட்டால் திட்டாமல் அந்த ஈரத் தாளையும் புழுக்கையையும் பெட்டிக்குள் கொண்டுபோய்ப் போடுங்கள். சரியாக இருக்க இருக்க இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்துங்கள். வலி தீர்ந்த முயல் இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் திரும்பிவிடும். அதுவரை அத்தையின் கட்டில் அறையைச் சாத்தியே வைக்கலாம்.

டாக்டரிடம் போகும்போது

இந்த வாரத்துக்குள் போங்கள். திருச்சியில் முயல் பார்த்துப் பழகிய மருத்துவர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் நாமக்கல், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உங்களுக்கு எட்டும் தூரம்தான். முன்பே தொலைபேசியில் ஒரு கேள்வி கேளுங்கள்: ஆபரேஷன் என்றால் முந்தின இரவு பட்டினி போட வேண்டுமா? போடச் சொன்னால் வேறு இடம் பாருங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் நாய்க்குச் செய்வதுபோல் பட்டினி போடத் தேவையில்லை. வயிறு காலியானால் குடல் நின்றுவிடும் ஆபத்துதான் வரும்.

மூத்திரப் பரிசோதனை, வயிற்று எக்ஸ்ரே, கருப்பைக்கு ஸ்கேன், சிறுநீரகத்துக்கு இரத்தப் பரிசோதனை ஆகியவை தேவைப்படும். கால்சியப் படிவு எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். சேறாக இருந்தால் நீரேற்றி, வலிமருந்து கொடுத்து, தேவைப்பட்டால் மயக்கத்தில் கழுவி எடுப்பார்கள். கல் என்றால் ஆபரேஷன். பின்னங்கால் தளர்ந்திருந்தாலோ தலை சாய்ந்திருந்தாலோ மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும் ஒரு ஒட்டுண்ணி நோயையும் நினைக்க வேண்டும், அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

காலை ஏழு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். காற்றோட்டமான கூடையில் பழைய துண்டு, ஒரு பிடி ஈர அருகம்புல், பக்கத்தில் துணி சுற்றிய ஐஸ் பாட்டில். 30 டிகிரியைத் தாண்டினாலே முயலுக்குச் சூடு தாங்காது.

அதற்குள் பஞ்சு 12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால், முக்கியும் மூத்திரம் வராவிட்டால், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு குன்றி உட்கார்ந்தால், கால் இழுத்தால், காத்திருக்காமல் அன்றே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வாலுக்குக் கீழே தினமும் இருமுறை பாருங்கள். நனைந்த முடியில் ஈ முட்டையிட்டு, ஒரே நாளில் புழு வைத்துவிடும். நனைந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் துடைத்துக் காயவையுங்கள், முழுக்கக் குளிப்பாட்ட வேண்டாம்.

பச்சமலையில் விடுவது பற்றி

உங்கள் கொழுந்தனிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். பஞ்சு நம் காட்டு முயலின் இனமே இல்லை. அங்கே ஓடுகிற முயல் வேறு பேரினம். வீட்டு முயலின் மூதாதை ஐரோப்பாவில் வளை தோண்டி வாழ்ந்தது, பல நூறு வருடமாக மனிதன் வளர்த்து வந்தது. வெள்ளை உடம்போடு அதைக் காட்டில் விட்டால் நாய்க்கோ கீரிக்கோ இரையாக அதிக நேரம் ஆகாது, வெயிலும் தாகமும் அதற்கு முன்பே கொன்றுவிடலாம். வளர்த்த பிராணியைப் பசி தாகத்தில் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. உண்மையிலேயே உங்களால் முடியாமல் போனால், சிகிச்சை முடித்து, முயல் வளர்க்கத் தெரிந்த ஒரு வீட்டுக்குக் கொடுக்கலாம். அந்தக் கட்டம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் போட்டு, பஞ்சு போகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு புள்ளி வைத்து, தேதி, நேரம், நிறம், கெட்டியா தண்ணியா என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும், பஞ்சுவோடு அவள் உட்காரும் நேரமாகவும் இருக்கும். சிவப்பாகப் போனால் வெள்ளைத் தாளில் ஒற்றி, ஒரு புகைப்படமும் எடுக்கட்டும். அந்தத் தாளை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் வந்ததும் எனக்கு எழுதுங்கள், ஆபரேஷன் வேண்டுமா என்பதை அதை வைத்துப் பேசுவோம்.